பழைய மடிக்கணினி: கடையில் அழித்துக் கொடுத்ததே போதுமா?

புதுவயல் மில் கணக்கர்:
மகள் காரைக்குடியில் பி.காம். சேர்ந்திருக்கிறாள். அவளுக்காக அங்கேயே ஒரு கடையில் பழைய மடிக்கணினி வாங்கினேன். இன்டெலின் ஆறாம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். "முழுக்க அழித்து விண்டோஸ் 10 புதிதாகப் போட்டிருக்கிறோம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பார்வைக்கும் சுத்தமாக இருந்தது. நேற்று வீட்டுக்கு வந்த அக்கா மகன், ஃபோட்டோரெக் என்ற இலவச மீட்பு மென்பொருளை விளையாட்டாக ஓட்டினான். கோப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. பழைய பெயர்கள் போய், எஃப் என்ற எழுத்தும் நீளமான எண்ணுமாக இருந்தன. ஒன்றைத் திறந்தால் யாரோ ஒரு பெண்மணியின் ஆதார் நகல். அடுத்தது கல்யாணச் சாமான் பட்டியல். வெள்ளி எவ்வளவு, வைரம் எவ்வளவு என்று வீட்டு விலாசத்தோடு இருக்கிறது. அதற்கு மேல் திறக்க மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். மைத்துனரோ, "ஓடிக்கொண்டிருக்கிற எந்திரத்தில் ஏன் கை வைக்கிறீர்கள்?" என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காரைக்குடி பழுதுமேசை:
உங்கள் மைத்துனர் சொல்வதுதான் சரி. நானும் பழைய எந்திரங்கள் விற்பவன், ஆகவே கடைக்காரன் பக்கத்தையும் கேளுங்கள். விரைவு ஃபார்மேட் சில நொடிகளில் முடிந்துவிடும். அது கோப்புகளின் அட்டவணையை மட்டும் துடைக்கிறது, கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். முழு ஃபார்மேட் டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியம் எழுதுவதால் 500 ஜிபிக்கு மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? விலையில் இருநூறு குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள்தான் வருகிறார்கள்.

பழைய கோப்புகள் பழைய உரிமையாளருடைய தலைவலி. புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கி, கடவுச்சொல் வைத்து, பிள்ளை கையில் கொடுங்கள். வீட்டில் தாமாகவே மறுபடி நிறுவிவிட்டு, "டச்பேட் அசையவில்லை, வைஃபை தெரியவில்லை" என்று என் மேசைக்கு வருகிறவர்களை நான்தான் பார்க்கிறேன்.

தேவகோட்டை வாத்தியார்:
பழைய உரிமையாளர் விட்டுப்போனதைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். கடைக்காரர் உள்ளே வைத்தது என்ன என்பதல்லவா பெரிய கேள்வி? கணக்கர் ஐயா, இரண்டு இடங்களைப் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய், வைரஸ் சோதனையிலிருந்து விலக்கப்பட்டவற்றின் பட்டியலைத் திறங்கள். புதிதாகப் போட்ட விண்டோஸில் அது காலியாக இருக்க வேண்டும். அடுத்து, உரிமம் நிரந்தரமா, காலாவதித் தேதி உள்ளதா என்று பாருங்கள். நிறுவனங்களுக்கான மொத்த உரிமங்களில் ஒரு வகை 180 நாளுக்குத்தான் செல்லும், அதற்குள் நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். திருட்டு மென்பொருள் எந்திரத்துக்குள்ளேயே ஒரு போலி சர்வரை உட்காரவைத்து அந்த வேலையைச் செய்கிறது. அதை வைரஸ் தடுப்பு பிடித்துவிடும் என்பதால்தான் விலக்குப் பட்டியலில் சேர்க்கிறார்கள்.

புதுவயல் மில் கணக்கர்:
பார்த்தேன். விலக்குப் பட்டியலில் ஒரு கோப்புறை இருக்கிறது. உரிமத்துக்கும் தேதி காட்டுகிறது. போதாததற்கு, உடனடிப் பாதுகாப்பு என்ற பொத்தானே அணைந்து கிடந்தது.

தேவகோட்டை வாத்தியார்:
பிறகென்ன. இதே எந்திரத்தில் மகளின் வங்கிக் கணக்கையும் கல்லூரிக் கட்டணத்தையும் திறக்கப் போகிறீர்கள். இதில் எரிச்சலூட்டுவது என்னவென்றால், அந்தத் திருட்டுக்கு அவசியமே இல்லை. விண்டோஸோடு விற்கப்பட்ட எந்திரம் என்றால், விண்டோஸ் 8 காலத்திலிருந்தே அதன் உரிமச் சாவி, மதர்போர்டோடு வரும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருளிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவலை 8 ஜிபி பென்டிரைவில் இறக்கி, அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ, போட்டால் அதுவாகவே சாவியை எடுத்துக்கொள்ளும்.

காரைக்குடி பழுதுமேசை:
வாத்தியார் சார், விலக்குப் பட்டியலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. என் மேசையில் அது நடக்காது. ஆனால் அழித்துவிட்டு எதைப் போடச் சொல்கிறீர்கள்? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான். குறுக்கு வழியில் போடலாம், ஆனால் அப்படிப் போட்டால் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. சுற்றிச் சுற்றி மறுபடியும் அதே விண்டோஸ் 10தானே?

தேவகோட்டை வாத்தியார்:
விண்டோஸ்தான் வேண்டும் என்று யார் சொன்னது? விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போடுங்கள். 8 ஜிபி ரேம் அதற்குத் தாராளம். மின்ட் 22க்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். நம் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதியதுமல்ல. 2011இல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினிகளில் மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

காரைக்குடி பழுதுமேசை:
இருந்தது. திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? என்னிடம் வந்த அரசு மடிக்கணினிகளில் விண்டோஸ் பக்கம் வைரஸால் நிரம்பி மூச்சுத் திணறும், பாஸ் பக்கம் பிரிக்காத கவர் போல அப்படியே இருக்கும். அதோடு அந்தப் பெண் படிப்பது பி.காம். கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸில்தான் ஓடும். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டலாம் என்று தொடங்காதீர்கள், முதல் வருடப் பிள்ளை பேரேடு கற்றுக்கொள்ளுமா, வைனோடு மல்லுக்கட்டுமா?

கண்டனூர் ஆச்சி:
நீங்கள் இருவரும் விண்டோஸ், லினக்ஸ் என்று வாதாடுகிறீர்கள். அந்த ஆதார் அட்டைக்குரிய பெண்மணியைப் பற்றி யாராவது பேசினீர்களா? "பழைய உரிமையாளருடைய தலைவலி" என்று பழுதுமேசைத் தம்பி எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்! நானும் என் பழைய மடிக்கணினியைக் கடையில் கொடுத்திருக்கிறேன். "அழித்துவிடுவோம் ஆச்சி" என்றார்கள், நம்பினேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்குகிறவர்கள் பெட்டகத்தின் இழுப்பறையில் பழைய கடிதம் கிடந்தால் அதிசயமாகப் படிப்பார்கள். எழுதியவரும் வாங்கியவரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள், அதனால் பாதகமில்லை. இந்தச் சாமான் பட்டியலில் உள்ள வெள்ளியும் வைரமும் இப்போது ஒரு வீட்டில் இருக்கின்றன. நம் செட்டிநாட்டில் பல வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை வந்து திறப்பவர்கள்தான், மற்ற நாளெல்லாம் பூட்டு என்பது ஊருக்கே தெரியும்.

கணக்கர் தம்பி, அதற்கு மேல் திறக்காதது நல்லது. அந்தப் பெண்மணியைத் தேடிப்பிடித்துச் சொல்லவும் வேண்டாம், பயந்துபோவார். மீட்டவை இன்னொரு டிஸ்க்கில் இருந்தால் அதையும் சேர்த்து அழியுங்கள்.

கோட்டையூர் இளைஞன்:
35 முறை மேலெழுதினால்தான் முழுமையாக அழியும் என்று படித்திருக்கிறேன். அதற்கென்றே மென்பொருள் உண்டு.

காரைக்குடி பழுதுமேசை:
தம்பி, அது 1996இல் பீட்டர் கட்மன் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது. அந்தக் காலத்து டிஸ்க் வகைகள் ஒவ்வொன்றுக்குமான முறைகளைச் சேர்த்தால் 35 வந்தது. இன்றைய டிஸ்க்குக்கு அத்தனையும் தேவையில்லை என்று அவரே பின்னால் எழுதிவிட்டார். ஒரு முறை பூஜ்ஜியம் எழுதினால் போதும். விண்டோஸிலேயே உள்ள டிஸ்க்பார்ட் என்ற கருவியில் "கிளீன் ஆல்" என்ற கட்டளையைக் கொடுங்கள். வெறும் "கிளீன்" பிரிவினைத் தகவலை மட்டுமே எடுக்கும். டிஸ்க் எண்ணை இரண்டு தடவை பார்த்துக்கொண்டு என்டர் தட்டுங்கள், அது "நிச்சயமா?" என்று கேட்காது.

தேவகோட்டை வாத்தியார்:
இதில் நானும் அவரோடு உடன்படுகிறேன். சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு மட்டும் இது பொருந்தாது. அது உள்ளுக்குள் கொஞ்சம் இடத்தை உபரியாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எழுதுவதால், மேலிருந்து எழுதும் பூஜ்ஜியம் எல்லா மூலைக்கும் போய்ச் சேராது. அதற்கென்று உள்ள பாதுகாப்பு அழிப்புக் கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும். சில எந்திரங்களில், விண்டோஸுக்கு முன்பே திறக்கும் பயாஸ் அமைப்பிலேயே அது இருக்கும்.

இன்னொன்று. கம்பெனிகளிலிருந்து மொத்தமாக வெளியே வரும் எந்திரம் என்றால், அழித்தாலும் போகாத ஒன்று உண்டு. நிறுவனங்கள் தங்கள் எந்திரங்களைப் பதிந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் சேவையில் அந்த நிறுவனம் பதிவை நீக்காமல் விற்றிருந்தால், புதிதாக விண்டோஸ் போட்டு இணையத்தில் இணைத்ததும் அவர்களுடைய உள்நுழைவுப் பக்கம் வந்து நிற்கும். பயாஸ் கடவுச்சொல்லும் அப்படித்தான். இவை இரண்டையும் கடைக்காரரின் முன்னாலேயே சோதித்துவிட வேண்டும்.

காரைக்குடி பழுதுமேசை:
அதனால்தானே சொல்கிறேன், தொடாமல் இருந்தால் அந்தப் பக்கமே வராது!

கண்டனூர் ஆச்சி:
வராது தம்பி. கடைக்காரர் வைத்த விருந்தாளி மட்டும் உள்ளேயே இருப்பார்.

புதுவயல் மில் கணக்கர்:
எல்லோருக்கும் நன்றி. முடிவு இதுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போடுகிறேன், வேகமும் கூடும் என்கிறார்கள். அதில் விண்டோஸ் 10 சுத்தமாக நிறுவி, எந்திரத்தின் சொந்தச் சாவியைப் பயன்படுத்துவேன். நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கிறது, அதில் பதிவு செய்துகொள்வேன். டேலி இருக்கிறதே, வேறு வழியில்லை. பக்கத்திலேயே மின்ட்டும் இருக்கட்டும், வங்கி வேலையை அதில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பழைய டிஸ்க்கில் இன்றிரவே பூஜ்ஜியம் எழுதிவிடுகிறேன்.

காரைக்குடி பழுதுமேசை:
எஸ்எஸ்டி நல்ல முடிவு. நிறுவும் முன் வைஃபை டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிப் பென்டிரைவில் வையுங்கள், இல்லாவிட்டால் இணையம் இல்லாமல் இணையத்தைத் தேட வேண்டியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏதோ ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு வந்து மின்ட் பூட் ஆகாமல் நிற்கும், பிள்ளை பதறும்.

தேவகோட்டை வாத்தியார்:
பதறினால் என்னிடம் வரட்டும். 2026 அக்டோபருக்குப் பிறகு உங்கள் விண்டோஸ் 10 எங்கே போகும் என்பதற்கு மட்டும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

காரைக்குடி பழுதுமேசை:
அதற்குள் எட்டாம் தலைமுறை எந்திரங்கள் விலை இறங்கிவிடும் சார். ஒன்றை எடுத்து வைக்கிறேன், முழு ஃபார்மேட் செய்தே தருவேன், ஆச்சி சாட்சி. அந்த நேரத்துக்கான கூலியை மட்டும் பேரம் பேசாமல் கொடுக்கச் சொல்லுங்கள்.