அம்மாவின் கைபேசித் திரை உடைந்துவிட்டது: கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதுமா?

தாம்பரம்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவின் ஆண்ட்ராய்டு கைபேசி கடந்த ஞாயிற்றுக்கிழமை சமையல் மேடையிலிருந்து தவறி, மொசைக் தரையில் குப்புற விழுந்துவிட்டது. எடுத்துப் பார்த்தபோது இடப்பக்கக் கீழ்மூலையிலிருந்து சிலந்தி வலை போல விரிசல் ஓடியிருந்தது. ஆனாலும் படம் முழுவதும் தெரிந்தது, தொட்டால் வேலையும் செய்தது. மறுநாள் காலையில் அந்த மூலையில் மிளகளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி தோன்றியிருந்தது. இன்று நான்காம் நாள். அந்தப் புள்ளி ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குப் பரவி, அதன் விளிம்பு ஊதா நிறமாகத் தெரிகிறது. கைரேகை வைக்கும் இடத்தைத் தவிர, கீழ்ப்பாதியில் விரலை வைத்தால் எந்த அசைவும் இல்லை. மேல்பாதியும் கைரேகையும் இன்னும் வேலை செய்வதால் திறக்கவாவது முடிகிறது.

2022ஆம் ஆண்டில் 19,000 ரூபாய் கொடுத்து வாங்கிய கைபேசி இது. அமோலெட் திரை, திரைக்குள்ளேயே கைரேகை உணரி. மூன்று இடங்களில் விசாரித்தேன். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் ஜிஎஸ்டி உட்பட 7,800 ரூபாய் ஆகும் என்றும், உள்ளே இருக்கும் தகவல்கள் அழிந்துபோனால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் காம்போ, அதாவது கண்ணாடியும் உள்திரையும் சேர்ந்த முழுத் திரை, 2,400 ரூபாய் என்றார்கள். "ஒரிஜினல் மாதிரியே இருக்கும்" என்றார் கடைக்காரர். அடுத்த கடையில் கண்ணாடியை மட்டும் 1,500 ரூபாய்க்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்கள்.

பணத்தைவிட வேறொன்றுதான் என்னை உறுத்துகிறது. அப்பா சென்ற ஆண்டு காலமானார். கடைசி இரண்டு ஆண்டுகளில் அவர் அம்மாவுக்கு அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் அந்த வாட்ஸ்அப்பில்தான் இருக்கின்றன, நாங்கள் எங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை. எந்த வழியில் பழுது பார்த்தால் அவை பத்திரமாக இருக்கும்? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

மேசைவிளக்கு

வணக்கம் சகோதரி. பதினொரு ஆண்டுகளாகக் கைபேசிப் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். உங்கள் கைபேசிக்குக் கண்ணாடி மாற்றம் உதவாது. அந்த 1,500 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். காரணத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் அது புரிந்தால் எந்தக் கடைக்காரர் எதைச் சொன்னாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்ள முடியும்.

நாம் திரை என்று சொல்வது ஒற்றைப் பொருளன்று. மேலே நம் விரல் படுவது வெறும் கண்ணாடி. அதற்குக் கீழே படத்தைக் காட்டும் பேனல். இரண்டையும் ஒட்டிப் பிடித்திருப்பது ஓசிஏ எனப்படும், கண்ணுக்குத் தெரியாத பசை ஏடு. முற்காலக் கைபேசிகளில் தொடு உணரியும் தனியாக இருந்தது, 'டச்' மட்டும் போய்விட்டால் சில நூறு ரூபாயில் மாற்றிவிடுவோம். இன்றைய அமோலெட் திரைகளில் பெரும்பாலும் தொடு உணரி பேனலோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே உங்கள் திரையின் கீழ்ப்பாதி தொடுதலை ஏற்கவில்லை என்றால், அடி கண்ணாடியோடு நிற்கவில்லை, பேனலுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள்.

அந்தக் கறுப்புப் புள்ளியும் அதையே சொல்கிறது. அமோலெட் பேனலில் படத்தை உருவாக்கும் ஒவ்வொரு நுண்புள்ளியும் தானே ஒளிர்கிறது. ஒளிரும் அந்தக் கரிமப் பொருளுக்குக் காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஈரமும் ஆகாது. அதனால்தான் தொழிற்சாலையில் அதைக் காற்றுப் புகாமல் மூடி முத்திரையிடுகிறார்கள். பேனலில் மயிரிழை அளவு விரிசல் விழுந்தாலும் காற்று உள்ளே போகும், போன இடமெல்லாம் கறுத்துக்கொண்டே வரும். நாளுக்கு நாள் அது பரவுவதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். இனி அது நிற்காது. எனவே தகவல்களை எடுக்க வேண்டுமானால் இன்றே எடுங்கள்.

கண்ணாடி மாற்றம் என்பது ஏமாற்று வேலை அன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். படம் முழுவதும் மாசில்லாமல் தெரிந்து, தொடுதலும் சரியாக இருந்து, மேல் கண்ணாடி மட்டும் நொறுங்கியிருந்தால் அதுவே சிறந்த வழி, ஏனெனில் தொழிற்சாலையில் வந்த பேனலே உங்களிடம் இருக்கும். திரையைச் சூட்டுத் தட்டில் வைத்து, தலைமுடி போன்ற மெல்லிய கம்பியால் பசையை அறுத்து, மிச்சப் பசையைத் துடைத்தெடுத்து, புதிய கண்ணாடியை வெற்றிட எந்திரத்தில் ஒட்டி, பிறகு அழுத்தக் கலத்தில் வைத்துக் காற்றுக் குமிழிகளைப் போக்குவோம். தட்டையான திரையில் இது நன்றாக வரும். வளைந்த விளிம்புள்ள திரைகளில் கம்பி ஓரத்தில் பிசகினால் பேனலே போய்விடும், ஆதலால் நானே பல முறை வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.

அடுத்து அந்த 2,400 ரூபாய்க் காம்போ. அந்த விலைக்கு உங்கள் கைபேசிக்கு அமோலெட் கிடைக்க வாய்ப்பில்லை. அது டிஎஃப்டி அல்லது இன்செல் என்று கடையில் சொல்லப்படும் எல்சிடி வகையாகத்தான் இருக்கும். எல்சிடிக்குப் பின்னால் தனியாக ஒரு விளக்கு வேண்டும் என்பதால் அது தடிமனாக இருக்கும், சட்டத்தில் முழுவதும் அமராமல் ஓரத்தில் நகம் தட்டும். கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் விலைப் பிரிவில் பெரும்பாலும் வருகிற ஒளிவழிக் கைரேகை உணரி, திரையை ஊடுருவி விரலைப் பார்த்து வேலை செய்வது. எல்சிடியின் பின்விளக்கு அதை மறைத்துவிடும். ஆகவே கைரேகை நின்றுபோகும்.

இடையில் இன்னொரு வகையும் உண்டு. நகல் ஓலெட் என்று கேட்டால் தருவார்கள் (அமோலெட்டும் ஓலெட்டில் ஒரு வகைதான்). அதிலும் 'சின்ன சைஸ்' என்று ஒன்று இருக்கிறது. படம் சற்றுச் சிறிதாகி, சுற்றிலும் கறுப்புக் கரை அகலமாகத் தெரியும். கைரேகை வேலை செய்யக்கூடும், ஆனால் பொருளுக்குப் பொருள் வேறுபடும். 19,000 ரூபாய்க் கைபேசி, மூன்று ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது; அம்மா இன்னும் இரண்டு ஆண்டு பயன்படுத்துவார் என்றால், நல்ல கடையில் அசல் பேனல் அல்லது முழு அளவு ஓலெட் போட்டுக்கொள்வதுதான் என் கருத்து. எதைப் போட்டாலும் பசையால் ஒட்டுவதற்கு முன், புதிய திரையை இணைப்பில் மட்டும் செருகி உங்கள் கண்ணெதிரே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலப் படங்களை முழுத்திரையில் பாருங்கள். ஒரு செயலியின் சின்னத்தை அழுத்திப் பிடித்துத் திரையின் மூலை முடுக்கெல்லாம் இழுத்துப் பாருங்கள். ஒருவருக்கு அழைத்துக் காதில் வைத்தால் திரை அணைகிறதா என்றும் பாருங்கள். திரையின் மேலுள்ள ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டால் எந்தக் கடையும் திருப்பி எடுக்காது.

எழுத்தாணி

தகவல்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். திரையை மாற்றுவதால் உள்ளிருக்கும் எதுவும் அழியாது; நினைவகம் இருப்பது மதர்போர்டில், திரையில் அன்று. ஆனால் சர்வீஸ் சென்டரில் சில வேளைகளில் ரீசெட் செய்து, உள்ளிருப்பதையெல்லாம் அழித்துவிடுவார்கள், அதற்காகத்தான் அந்தக் கையெழுத்து. எனவே கொடுப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

முதலில், கைபேசியை அணைய விடாதீர்கள். மறுபடி இயக்கினால் முதல் தடவை கைரேகையை ஏற்காது, திரையைத் திறக்கும் ரகசிய எண்ணான 'பின்' எண்ணைத்தான் கேட்கும். எண்கள் வரும் இடமோ உங்கள் திரையில் செத்துப்போன கீழ்ப்பாதி. நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு ஓடிஜி இணைப்பான் ஒன்று வாங்கி, கணினியின் சாதாரண யுஎஸ்பி மவுஸைக் கைபேசியில் செருகுங்கள். திரையில் அம்புக்குறி தோன்றும், விரல் வேலை செய்யாத இடத்திலும் அது சொடுக்கும். சில நிறுவனங்களின் கைபேசிகளில் ஓடிஜி என்ற வசதியை அமைப்புகளில் போய் இயக்க வேண்டியிருக்கும். உங்கள் மேல்பாதி வேலை செய்யும்போதே அதைச் செய்துவிடுங்கள்.

பிறகு கணினியில் இணைத்து, கைபேசியில் கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப்பின் மீடியா கோப்புறைக்குள் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதற்குள் ஆண்டும் வார எண்ணும் சேர்ந்த பெயர்களில் வாரத்துக்கு ஒரு கோப்புறை. குரல் பதிவுகள் அவற்றில் ஓபஸ் என்ற ஒலிக்கோப்பு வடிவில் இருக்கும். மொத்தமாக நகலெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். அதோடு வாட்ஸ்அப்பின் கூகுள் காப்புப்படியையும் இயக்குங்கள், காணொளிகளைச் சேர்க்காவிட்டால் சீக்கிரம் முடியும்.

கடையில் கொடுக்கும்போது சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். பின் எண்ணை எழுதிக் கொடுக்காதீர்கள். பணப் பரிமாற்றச் செயலிகள் எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கின்றன. பக்கத்தில் நின்று நீங்களே திறந்து காட்டலாம்.

உறையூரான்

மேசைவிளக்கு ஐயா சொன்ன டிஎஃப்டி எனக்கு நேர்ந்தது. திருச்சியில் ஒரு கடையில், அசல் என்று வாயால் சொன்னதை நம்பி 3,200 ரூபாய் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த அன்றே கைரேகை வேலை செய்யவில்லை, இரண்டே வாரத்தில் திரையின் ஓரம் தூக்கிக்கொண்டது. திரும்பிப் போய்க் கேட்டபோது என்னிடம் இருந்த சீட்டில் "டிஸ்ப்ளே 1" என்று மட்டுமே எழுதியிருந்தது. எந்த வகைத் திரை, எத்தனை நாள் வாரண்டி என்று ஒரு சொல்லும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள், ஆனால் காட்டுவதற்கு என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லாததால் பாதித் தொகைக்குத்தான் கடைக்காரரை இணங்க வைக்க முடிந்தது.

ஆகவே சகோதரி, பில்லில் திரையின் வகையையும் வாரண்டி நாட்களையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையில் கைபேசியைக் கொடுக்காதீர்கள். உங்கள் பழைய திரையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றிய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான தளத்தில் பல நிறுவனங்களின் சேவை விவரங்கள் இருக்கின்றன. சர்வீஸ் சென்டர் சொல்லும் விலையை ஒப்பிட நினைத்தால் அங்கிருந்து தொடங்கலாம்.

தாம்பரம்வாசி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அன்றிரவே மவுஸைச் செருகினேன். அம்புக்குறி தோன்றியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுத்தாணி சொன்னபடியே வாரவாரியாகக் கோப்புறைகள் இருந்தன; மடிக்கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் நகலெடுத்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒன்றை மட்டும் திறந்தேன். "ரேஷன்ல பருப்பு வந்திருக்கு, பையை எடுத்து வை" என்று அப்பாவின் குரல். அதற்கு மேல் அன்று திறக்கவில்லை.

நேற்று ரிச்சி தெருவில் மூன்றாவதாக ஒரு கடைக்குப் போனேன். அசல் பேனல் 5,600 ரூபாய், ஆறு மாத வாரண்டி. இரண்டையும் கேட்காமலேயே பில்லில் எழுதினார்கள். பின்மூடியைச் சூடாக்கித் திறந்ததும், முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தப் பையன் திரையின் இணைப்பில் கை வைத்தான். ஒட்டுவதற்கு முன் நான்கு நிறங்களையும் காட்டினான். கைரேகையைப் புதிதாகப் பதிந்ததும் திறந்தது. பிறகு கறுப்புப் பசை தடவி, சுற்றிலும் ரப்பர் பேண்டுகள் போட்டு, இரண்டு மணி நேரம் அசைக்காமல் வைத்தான். உடைந்த பழைய திரை இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

ஒரே ஒரு ஐயம்: டெம்பர்டு கிளாஸ் இன்றே ஒட்டலாமா? முன்போல மழைத்தண்ணீர் தாங்குமா?

மேசைவிளக்கு

மகிழ்ச்சி சகோதரி. பேட்டரியை முதலில் கழற்றியதைக் கவனித்தீர்களே, அந்தப் பையன் வேலை தெரிந்தவன். டெம்பர்டு கிளாஸை நாளைக்கு ஒட்டுங்கள். பசை முழுவதும் இறுக ஒரு நாளாவது ஆகும், அதற்குள் மேலிருந்து அழுத்தினால் திரை நகர்ந்துவிடும். தண்ணீரைப் பொறுத்தவரை, ஒரு முறை திறந்த கைபேசிக்குத் தொழிற்சாலையில் இருந்த காப்பு திரும்ப வராது. மழையில் வெளியே போகும்போது அம்மாவிடம் ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்துவிடுங்கள்.