கலைச்சொல் தேவை, வியாழனுக்குள்: கியர் மாறும்போதுள்ள ‘உறுதி’

ஸ்காபரோ (கனடா), திங்கள் இரவு

அன்பின் கலைச்சொல் குழு நண்பர்களுக்கு,

வரும் சனிக்கிழமை, நாட்டிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகள் எட்டுப் பேருக்கு ஓட்டோமற்றிக் கியர்ப்பெட்டி வகுப்பு எடுக்கிறேன். நான்கு பேருக்கு ஆங்கிலம் இன்னும் கைவரவில்லை. அவர்களுக்காக நான்கு பக்கத்தில் ஒரு தமிழ்க் குறிப்பு எழுதுகிறேன். வியாழன் இரவு அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறேன்.

கியர் மாறும்போது ஒரு கிளட்ச் விடும், இன்னொன்று பிடிக்கும். இந்தக் கைமாற்றம் அரை நொடி அளவில் முடிகிற விஷயம். அது இழுபட்டால் வண்டியில் இருப்பவருக்குச் சுகமாக இருக்கும். ஆனால் உள்ளே தட்டுகள் ஒன்றோடொன்று வழுக்கிச் சூடேறும். சிவப்பு எண்ணெய் பழுப்பாகி எரிந்த மணம் வரும். நேர்மாறாக, பிடி சட்டென்று விழுந்தால் அந்த அடியைப் பற்களும் தண்டுகளும் தாங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல நிலை உண்டு. கராஜில் நாங்கள் ‘வழுக்குது’, ‘வடிவாப் பிடிக்குது’, ‘அடிக்குது’ என்றுதான் கதைப்போம். எழுத்தில் எனக்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும். ‘அதைக் கூட்டு, அதைக் குறை’ என்று எழுதினால் பிள்ளைக்கு விளங்க வேண்டும். கூட்டுகிறேன் என்று கியர்ப்பெட்டியை அழிக்கவும் கூடாது.

தஞ்சாவூர், செவ்வாய் காலை

அன்புள்ள குழுவினருக்கு,

சொல் நம்மிடம் இருக்கிறது. திட்பம். ‘வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம்’ என்ற 661ஆம் குறளைப் பள்ளியில் படிக்காதவர் யார்? நுண் என்பதிலிருந்து நுட்பம், ஒண் என்பதிலிருந்து ஒட்பம், திண் என்பதிலிருந்து திட்பம். ‘தொழில்நுட்பம்’ என்று நாள்தோறும் எழுதுகிறோம். அதன் உடன்பிறப்பு இந்தச் சொல். ‘மாற்றுத் திட்பம்’ என்று எழுதுங்கள். மாற்று வன்றொடர்க் குற்றியலுகரம், ஆகவே வலி மிகும். நடுவில் வரும் ‘த்’ என்ற ஒற்றை விட்டுவிட வேண்டாம்.

கோவை, செவ்வாய் மதியம்

ஐயா, வணக்கம். நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துகிறேன். திட்பம் என்று கரும்பலகையில் எழுதினால், முதலில் திட்பத்துக்குப் பொருள் சொல்லி, அப்புறம்தான் கியருக்கு வர முடியும். ‘மாற்ற இறுக்கம்’ என்றால் எல்லோருக்கும் புரியும். இறுக்கம் வேண்டாம் என்றால் ‘மாற்றழுத்தம்’.

இன்னொன்று. தலைப்பில் ‘ஆட்டோ கியர்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். இங்கே ஆட்டோ என்றால் மூன்று சக்கர வண்டிதான். தானியங்கிக் கியர்ப்பெட்டி என்று முழுதாக எழுதினால் குழப்பமில்லை. 2014இல் மாருதியின் செலேரியோ கார் வந்த பிறகு, கிளட்ச் மிதி இல்லாத எல்லா வண்டியையும் மாணவர்கள் ஒரே பெயரில் அழைக்கிறார்கள். ஆனால் அதில் இருப்பது சாதாரண கியர்ப்பெட்டிதான். கிளட்சையும் கியரையும் இயக்க ஒரு கருவியை மேலே பொருத்தியிருக்கிறார்கள். அந்த வண்டி கியர் மாறும்போது தலை முன்னே சாய்கிறதே, அது வேறு கதை. புதுச்சொல் அதையும் சேர்த்துக் குறிக்குமா என்று இப்போதே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

ஸ்காபரோ, செவ்வாய் இரவு

கோவை நண்பருக்கு,

அந்த வகை வண்டிக்கு இந்தச் சொல் வேண்டாம். எண்ணெய் அழுத்தத்தால் கிளட்சும் பட்டையும் பிடிக்கிற பெட்டிக்கு மட்டும்தான் கேட்கிறேன்.

இறுக்கம் என்ற சொல்லுக்குத்தான் நான் பயப்படுகிறேன். வகுப்பு மேசையில் ஃபோர்ட் சி4 என்ற ஓட்டோமற்றிக் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் பக்கவாட்டில் ஒரு திருகாணியும் பூட்டு நட்டும் வெளியே தெரியும். உள்ளே உருளையைச் சுற்றியுள்ள பட்டையை அதுதான் சரிசெய்கிறது. முறை இதுதான்: பழைய நட்டைக் கழற்றிப் புதியதைப் போடு, திருகாணியை 10 அடி-இறாத்தல் வரை முறுக்கு, பிறகு சரியாக ஒன்றே முக்கால் சுற்றுப் பின்னால் விடு, திருகாணி அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைப் பூட்டு. பின்புறத்துப் பட்டைக்கு மூன்று சுற்று. அந்த ஒன்றே முக்கால் சுற்றில்தான் பட்டைக்கும் உருளைக்கும் இடையே மூச்சுவிட இடம் கிடைக்கிறது. தாளில் ‘இறுக்கத்தைக் கூட்டு’ என்று எழுதினால் பிள்ளை நேரே இந்தத் திருகாணிக்குத்தான் போவான். ஒரு சுற்றோடு நிறுத்துவான். வண்டி ஓடும்; பட்டை ஓயாமல் உரசி எரியும்.

அழுத்தமும் வேண்டாம். அது ஏற்கெனவே எண்ணெயின் அழுத்தம், மானியில் அளப்பது. அது காரணம், நான் பெயர் தேடுவது விளைவுக்கு. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் வைத்த மாதிரி.

ஜிஎம் 700ஆர்4 பெட்டியைப் பாருங்கள். 1982இல் வந்தது, இன்றும் பழைய றக்குகளில் வருகிறது. அக்சிலரேற்றரோடு சேர்ந்து அசையும் ஒரு கேபிள், எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்கிறது. கியர் மெல்லென்று மாற வேண்டும் என்று ஒருவர் அந்தக் கேபிளைத் தளர்த்திவிட்டு ஓடினார். எங்களிடம் வந்தபோது மூன்றாம்-நான்காம் கியர் கிளட்ச் கரியாகியிருந்தது. தட்டைத் தொட்ட விரலில் கறுப்பு ஒட்டியது. அதைச் சரிசெய்யும் வழி எளிது: கேபிளில் உள்ள உலோகத் தாழை அமுக்கி, சறுக்கியை முழுக்கப் பின்னே தள்ளி, தாழை விட்டுவிட்டு, திறொட்டிலைக் கையால் முழுதாகத் திறந்தால் கிளிக் கிளிக் என்று நகர்ந்து தன் இடத்தில் நிற்கும். அதற்கு மேல் மானியை மாட்டிப் பார்க்காமல் தொடக்கூடாது.

சென்னை, புதன் காலை

வணக்கம். மென்பொருள் தமிழாக்கத்தில் இருப்பவள். ஒரே பெயருக்குப் பதில் மூன்று நிலைகளுக்குப் பெயர் வைத்தால் என்ன? எழுத்தை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பிரித்துப் பழகியவர்கள் நாம். வன்மாற்றம், மென்மாற்றம், இடைமாற்றம். கேட்டவுடன் விளங்கும்.

கிளட்ச் பிடிக்கும்போது வேகமாகப் பாயும் எண்ணெயைத் தாங்கிக்கொள்ள, சுருள்வில் வைத்த ஓர் உருளை உண்டு என்று படித்தேன். மணி + அடித்தான் சேரும்போது நடுவே யகரம் வந்து இரண்டு உயிர்களும் மோதாமல் பார்த்துக்கொள்கிறதே, அதே வேலை. அதற்கு ‘உடம்படுகலன்’ என்று பெயர் வைக்கலாம்.

தஞ்சாவூர், புதன் மாலை

தங்கையின் உடம்படுகலனுக்கு என் வாழ்த்து. ‘உடம்படுமெய் என்றாகும்’ என்று நன்னூலார் சொன்னபோது இப்படி ஒரு வாரிசு வரும் என்று நினைத்திருக்க மாட்டார்.

திட்பத்தை மட்டும் விட மாட்டேன். திண்தேர், திண்தோள், திண்ணம், திண்ணை, திண்டு எல்லாம் ஒரே வேர். ‘கற்பென்னும் திண்மை’ 54ஆம் குறள். ‘திடம்’ என்பதும் திண் வழி வந்ததே என்பது என் கருத்து. பேரகராதி அதை வடசொல்லாகக் காட்டுகிறது. ஆனால் நண்–நட்பு, திண்–திட்பு என்ற வரிசையைப் பார்த்தால்...

கோவை, புதன் இரவு

ஐயா, மன்னிக்க வேண்டும். திடம் என்ற சொல்லை நாங்கள் யாரும் கேட்கவில்லை. திண்மை, திண்மம் இரண்டும் இயற்பியலில் திடப்பொருளுக்குப் போய்விட்டன. அச்சுக்கு இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது.

ஸ்காபரோ, புதன் இரவு

தங்கச்சி, இடைமாற்றம் என்றால் இடையில் மாறிய கியர் என்று எடுத்துக்கொள்வார்கள். உடம்படுகலன் அழகாக இருக்கிறது, ஆனால் ஒன்று. மணி, அடித்தான் என்று பிரித்துச் சொன்னாலும் பொருள் கெடாது. சுருள்வில் வைத்த அந்த உருளையை அடைத்துவிட்டால் அடி நேரே கிளட்சில் விழும். கியர் மாறும் விதத்தை மாற்றக் கடையில் விற்கும் சில உதிரிப்பாகத் தொகுப்புகள் அதைத்தான் செய்யச் சொல்கின்றன. பந்தய வண்டிக்குச் சரி, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் வண்டிக்கு வேண்டாம். இடைத்தட்டில் எண்ணெய் போகும் துளையைப் பெரிதாக்குவதும் அப்படித்தான்: துளைத்த துளையைத் திரும்ப அடைக்க முடியாது.

1993இல் வந்த ஜிஎம் 4எல்60இ பெட்டியில் கேபிள் இல்லை, மின்சாரம்தான். அதில் மின்னோட்டம் கூடினால் அழுத்தம் குறையும். கம்பி அறுந்தால் அழுத்தம் உச்சத்துக்குப் போய்க் கியர் அடித்து மாறும். தட்டுகள் எரியாமல் காப்பாற்ற வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆக, அந்த அடி ஒரு கோளாறின் அறிகுறி. அதை ‘வன்மாற்றம்’ என்று நல்லதுபோல எழுத எனக்கு மனமில்லை.

பினாங்கு, வியாழன் காலை

அண்ணா, உங்கள் முதல் மடலிலேயே சொல் இருக்கிறது. ‘வடிவாப் பிடிக்குது’ என்றீர்கள். இங்கே எங்கள் பட்டறைகளிலும் ‘பிடிக்கல’ என்றுதான் சொல்வார்கள். பிடி என்றே வையுங்கள். கியர் மாறும்போது உள்ள பிடி, ‘மாறுபிடி’. பிடியைக் கூட்டலாம், குறைக்கலாம். தளர்ந்தால் நெகிழ்பிடி, அடித்தால் வெட்டுப்பிடி. ‘அடிப்பிடி’ மட்டும் வேண்டாம். சோறு தீய்ந்த வாசனைதான் நினைவுக்கு வரும். எரிவது அடிக்கிற கியரில் அல்ல, வழுக்குகிற கியரில் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்.

தஞ்சாவூர், வியாழன் மதியம்

சகோதரி, நெகிழ்பிடி நல்ல வினைத்தொகை. ஒற்று மிகாமல் சரியாக எழுதியிருக்கிறீர்கள். மாறுபிடியில்தான் எனக்குத் தடை. மாறுகண், மாறுவேடம் என்பவற்றில் மாறு என்பது ‘இயல்புக்கு வேறான’ என்று பொருள்படும். மாறுபிடி என்றால் தவறான பிடி என்று ஒருவர் படிக்கலாம்.

பிடி என்றால் பெண் யானையும்கூட. கலித்தொகைப் பாலைப்பாட்டு ஒன்றில், கலங்கிய சிறிதளவு நீரையும் பிடிக்கு ஊட்டிவிட்டுப் பிறகு தான் உண்ணும் களிறு வருகிறது. அந்த வரியைப் படித்தவனுக்குப் பிடி என்ற சொல்லைத் திருகாணிக்குக் கொடுக்க மனம் வருமா?

சென்னை, வியாழன் மதியம்

ஐயா, கைப்பிடி, கதவுப்பிடி, பிடிவாதம் எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டோமே. நான் மூன்று நிலைப் பெயர்களைத் திரும்பப் பெறுகிறேன். மாறுபிடிக்கு என் ஆதரவு.

கோவை, வியாழன் மாலை

எனக்கும் சரி. ஆனால் முதல் இடத்தில் ‘கியர் மாறும்போது உள்ள பிடி’ என்று விரித்து எழுதிவிட்டு, அப்புறம் மாறுபிடி என்று போடுங்கள். கியர் கியராகவே இருக்கட்டும். பல்லிணை என்று மாற்றினால் என் மாணவர்கள் பல் மருத்துவரைத் தேடுவார்கள். எண்ணிப் பார்த்தால் மாறுபிடிக்கு மூவர், திட்பத்துக்கு ஒருவர். நேரம் முடிந்தது.

தஞ்சாவூர், வியாழன் இரவு

அச்சிடுங்கள், தடுக்கவில்லை. மாற்றுத் திட்பம் என்ற என் பரிந்துரை குழுவின் மடல்களில் இருக்கட்டும்.

ஸ்காபரோ, சனி இரவு

எல்லோருக்கும் நன்றி. தாளில் மாறுபிடி, நெகிழ்பிடி, வெட்டுப்பிடி மூன்றும் போனது. தஞ்சை ஐயாவின் மறுப்பை மதித்து, முதல் பக்கத்தில் ‘மாறும்போது உள்ள பிடி’ என்று விரித்தே எழுதினேன்.

வகுப்பில் சி4ஐச் சுற்றி நின்றார்கள். கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு தம்பி திருகாணியில் முறுக்கு அளக்கும் சாவியை வைத்து, 10 வந்ததும் நிறுத்தி, தாளைப் பார்த்து ஒன்றே முக்கால் சுற்றுப் பின்னால் விட்டான். பிறகு நிமிர்ந்து, “அண்ணை, இது பிடியைக் கூட்டுறதுக்கு இல்லைத்தானே?” என்று கேட்டான். இல்லை என்றேன். நட்டைப் பூட்டினான்.

இரண்டு பேர் மட்டும் கடைசிவரை ‘ஷிஃப்ற் பிடி’ என்றே சொன்னார்கள். திருத்தவில்லை. அடுத்த மாதம் எண்ணெய் வகைகள் பற்றிய வகுப்பு. வழுக்கலைக் கட்டுப்படுத்த எண்ணெயில் சேர்க்கிற பொருளுக்கு ஒரு சொல் தேவைப்படும்.

தஞ்சாவூர், ஞாயிறு காலை

‘உராய்வு’ என்பதில் தொடங்கலாம். உரை, உரைசு, உராய், உரிஞ்சு ஆகியவற்றை இன்று மாலை விரிவாக எழுதுகிறேன்.