முக்கோண மனைக்கு உயரம் எப்படி எடுக்கறது? உதவி பண்ணுங்க

வணக்கம் நண்பர்களே, அப்பா வாங்கப்போற மனை முக்கோணமா இருக்கு, டேப் போட்டு அளந்ததுல மூணு பக்கமும் 52, 56, 60 அடி. புரோக்கர் 56ஐயும் 52ஐயும் பெருக்கி பாதியாக்கி 1456 சதுர அடின்னு சொல்றார். ஆனா 52 சாய்வான பக்கமாச்சே, அது எப்படி உயரமாகும்? மூணையும் கூட்டி பாதியாக்கினா 84, அதுலேர்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழிச்சா 32, 28, 24, அப்புறம் 84×32×28×24க்கு வர்க்கமூலம் எடுத்தா 1344 தான் வருது, அப்போ 56 அடி அடிப்பக்கத்துக்கு உயரம் 48. வித்தியாசம் 112 சதுர அடி, கால் சென்ட்டுக்கு மேல, அத்தனையும் அப்பாவோட சேமிப்புங்க.

நான் போட்டது சரியா? அடிப்பக்கத்துல 52 அடி பக்கம் வந்து சேர்ற மூலைலேர்ந்து 20 அடி தள்ளி முளை அடிச்சு, 3-4-5 கயிறு (3, 4, 5 அடி பக்கமா முக்கோணம் புடிச்சா ஒரு மூலை செங்கோணமா வரும்) வச்சு மூலைமட்டம் பாத்து நேரா போனா எதிர் மூலை 48 அடில வரணும், ஆனா நடுவுல வேலிக்காத்தான் புதரா கெடக்கு, கயிறே இழுக்க முடியல. வேற வழி இருந்தா சொல்லுங்க, வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் குடுக்கணும்.