கதைப் புத்தகத்தைச் சொந்தமாகப் போட்டவர்கள் பேசுவோமா

நம் மலேசியாவில் தமிழில் கதை எழுதுகிறவரிடம் "பதிப்பகமா, சொந்த வெளியீடா?" என்று கேட்பதே கொஞ்சம் வேடிக்கைதான். கதைக்கு முதல் போடும் பதிப்பகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், மற்ற எல்லாரும் கைக்காசில்தான் அடிக்கிறோம். என் சிறுகதைத் தொகுப்பும் அப்படித்தான், 300 பிரதி. நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைத் தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது, அச்சானதும் சட்டப்படி 5 பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அச்சகத்தில்தான் உயிர் போனது. யூனிகோடில் கொடுத்த கோப்பை அவர்கள் மென்பொருளில் ஏற்றியதும் கொம்பு ஒரு வரியிலும் அதற்குரிய எழுத்து அடுத்த வரியிலும் போய் உட்கார்ந்துகொண்டன. "எல்லாம் ஓகே பாஸ்" என்று வேறு சொன்னார்கள், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர்கூட அங்கே இல்லை.

வெளியீடு கோலாலம்பூர் விஸ்மா துன் சம்பந்தன் கட்டடத்தில். டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் முதல் நூலை வாங்கிப் பண உறையை நீட்டினார், அப்புறம் சொந்தக்காரர்கள், கூட வேலை செய்கிறவர்கள் என்று கல்யாண மொய் மாதிரி ஆளுக்கொரு உறை. போட்ட பணம் அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கியவர்களில் கதையைப் பற்றிப் பேசியவர் என் மாமா ஒருவர்தான், அதுவும் மூன்றாவது கதையில் வரும் குடிகாரன் அவர்தானா என்று கேட்க!

*

அண்ணே, நான் பினாங்கு. விழா வைக்க ஆள்பலம் இல்லாததால் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் போட்டேன். தமிழ் மின்னூல் ஏற்றக் கட்டணம் கிடையாது. ஆனால் 70 விழுக்காடு உரிமத்தொகை என்றதும் மயங்க வேண்டாம்: அமெரிக்கத் தளத்தில் 2.99 டாலருக்குக் கீழே விலை வைத்தால் 35தான், அதிலும் நமக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இல்லாததால் அங்கே விற்பதற்கு வரும் உரிமத்தொகையில் 30 விழுக்காட்டை வரியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அச்சுக்கு வைத்திருந்த பணத்தை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் கொடுத்து நாவலைச் செப்பனிடச் சொன்னேன். முதல் இரண்டு அத்தியாயங்களுக்குக் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, "கதை மூணாவதுலதான் தொடங்குதும்மா" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். கோபம் வந்தது, இருந்தாலும் வெட்டினேன். இப்போது படித்துவிட்டு எழுதும் முகம் தெரியாதவர்கள் பாதியில் விட்டதாகச் சொல்வதில்லை. சொந்தமாகப் போடுவது நல்லதுதான், இந்த வெட்டு வேலைக்குக் காசு ஒதுக்க முடிந்தால்.

சரி, அந்த அச்சகத்தில் கடைசியில் கொம்பைச் சரிசெய்தார்களா? நானும் 100 பிரதி அடிக்கலாம் என்றிருக்கிறேன்.