மண்ணீரல் எடுக்கப்பட்ட தம்பிக்குத் தடுப்பூசி: தேனி, மதுரைப் பக்கம் எங்கே கிடைக்கும்?

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் பைக் விபத்தில் என் தம்பிக்கு மண்ணீரல் சிதைந்துவிட்டது. அவசர அறுவை சிகிச்சை செய்து அதை எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது தடுப்பூசி பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு வேறொரு மருத்துவர்தான் எச்சரித்தார்: மண்ணீரல் இல்லாதவர் ரத்தத்தில் நியூமோகாக்கஸ் கிருமி புகுந்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடலாமாம். அன்றிலிருந்து அவன் இருமினாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

முதலில் நியூமோகாக்கல் கான்ஜுகேட் ஊசி (கிருமியின் மேலுறைச் சர்க்கரையைப் புரதத்தோடு இணைத்துச் செய்வது), 8 வாரம் கழித்து நியூமோகாக்கஸின் 23 வகைகளைத் தடுக்கும் ஊசி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மூளைக்காய்ச்சல் போன்றவற்றை உண்டாக்கும் வேறு இரண்டு கிருமிகளுக்கான மெனிஞ்சோகாக்கல், ஹிப் ஊசிகளும் போட வேண்டும்.

என் மகளுக்கு அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் நியூமோகாக்கல் கான்ஜுகேட் ஊசியை 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போட்டார்கள். அந்தத் திட்டத்தில் பெரியவர்களுக்கு இடமில்லை. நான்கு மருந்துக் கடைகளில் கேட்டேன், 23 வகை ஊசி இருப்பில் இல்லை.

தேனி, பெரியகுளம், மதுரையில் யாராவது போட்டிருந்தால் இடத்தையும் விலையையும் சொல்லுங்கள். மதுரையில் வாங்கினால் 2 முதல் 8 டிகிரிக்குள், உறையாமல், பஸ்ஸில் எப்படிக் கொண்டுவருவது? அப்பாவுக்கு வயது 68, சர்க்கரை நோயும் இருக்கிறது. அந்த வயதில் போட்டுக்கொண்டவர்களின் அனுபவத்தையும் எழுதுங்கள். இந்த வாரத்துக்குள் முதல் ஊசியைப் போட்டுவிட வேண்டும்.