மறு: தொலை அழைப்பா, ஏவலா? (பிழைச்செய்திகளையும் சேர்த்தே பேசிவிடலாம்)

வணக்கம் நண்பர்களே,

நான்கு நாள் ஊரில் இல்லை, வந்து பார்த்தால் இழை இவ்வளவு நீண்டிருக்கிறது. ரிமோட் ப்ரொசீஜர் கால் (நம் கணினி வேறொரு கணினியை வேலை செய்ய வைப்பது) என்பதற்கும், அதில் வரும் பிழைச்செய்திகளுக்கும் என்ன தமிழ் வைப்பது என்பதுதானே பேச்சு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மடலில் எழுதிவிடுகிறேன்.

> ரிமோட் ப்ரொசீஜர் கால் = தொலை அழைப்பு. சுருக்கமாக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்வோம்.

சுருக்கம்தான். ஆனால் செருகுநிரலின் (தளத்தில் கூடுதலாகச் செருகிக்கொள்ளும் சிறு நிரல், ப்ளகின்) அமைப்புகள் பக்கத்தில் "தொலை அழைப்பை இயக்கு" என்று ஒரு பெட்டி இருந்தால் அதைப் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? போன் நம்பர் கேட்கப் போகிறார்கள் என்றுதான். வீட்டில் காட்டினேன், "எஸ்டிடி பூத்தா?" என்று கேட்டார்கள்.

> ஏவல் நல்ல சொல்தான் ஐயா, ஆனால் எங்கள் பக்கம் ஏவல் என்றால் எலுமிச்சம்பழமும் தகடும்தான் ஞாபகம் வரும்.

அது நான் முன்வைத்த சொல், நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஏவுகணை, ஏவல் வினை என்று எத்தனை கௌரவமான சொந்தம் இருந்தாலும், "ஏவல் தோல்வியடைந்தது" என்று திரையில் வந்தால் பயனர் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்.

நேரடி மொழிபெயர்ப்பான "தொலைநிலைச் செயல்முறை அழைப்பு" என்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதை வினையாக்க முடியாது. "தொலைநிலைச் செயல்முறை அழைப்பு மேற்கொள்ளப்பட்டது" என்று எழுதி முடிப்பதற்குள் இணைப்பே அறுந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பெயர் பரவியது புரூஸ் நெல்சனின் 1981 ஆய்வேட்டிலிருந்து. 1984இல் அவரும் ஆண்ட்ரூ பிரெல்லும் சேர்ந்து எழுதிய கட்டுரை அதைச் செய்துகாட்டியது. அவர்கள் நினைத்தது இவ்வளவுதான்: வேறொரு கணினியில் ஓடும் செயல்முறையை, நம் கணினியிலேயே இருக்கிற ஒன்றைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட முடிய வேண்டும், நடுவில் இருக்கிற கம்பியைப் பற்றி நிரல் எழுதுகிறவர் பெரிதாகக் கவலைப்படக் கூடாது. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்தோமே, அதுதான் இங்கே. இராசராசன் பெரிய கோயிலைக் கட்டினான் என்கிறோம், உண்மையில் கட்டுவித்தான். பிறவினையைத் தன்வினைபோல எழுத விடுவதுதான் இந்த நுட்பத்தின் வசதி. கொத்தனார் தினமும் வேலைக்கு வரும்வரை கட்டினான் என்றே சொல்லிக்கொண்டிருக்கலாம், வராத அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரியும். அதனால் என் முன்மொழிவு: தொலைச்செய்விப்பு. வினையாக, இந்தத் தளம் அந்தத் தளத்தைக் கொண்டு பதிவிடுவித்தது, நீக்குவித்தது. பேச்சில் வெறும் "செய்விப்பு" போதும். அடுத்தவர் கை இதில் இருக்கிறது என்பதை அந்த 'வி' ஒன்றே சொல்லிவிடுகிறது.

இதை ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு சிற்றிதழின் வேர்ட்பிரஸ் (வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருள்) தளத்துக்குச் சின்னதாக ஒரு செருகுநிரல் எழுதிக்கொடுத்திருந்தேன். இங்கே வெளியிட்டால் அவர்களுடைய இன்னொரு தளத்திலும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி (எக்ஸ்எம்எல் வடிவில் கோரிக்கை அனுப்பி நடத்தும் தொலைச்செய்விப்பு) வழியாக அதே பதிவு ஏற வேண்டும். பிழை எதுவாக இருந்தாலும் ஒரே செய்தி, அதையும் நான்தான் தமிழில் எழுதினேன்: "பிழை ஏற்பட்டது. மீண்டும் முயலவும்." ஆசிரியர் சொன்னதைச் செய்கிற நல்ல மனிதர், மீண்டும் முயன்றார், அதற்கப்புறமும் முயன்றார். மறுநாள் காலையில் அந்தத் தளத்தின் முகப்பில் ஒரே கவிதை நான்கு முறை வரிசையாக நின்றது. "இது பின்நவீனத்துவமா?" என்று ஒரு வாசகர் பின்னூட்டம்.

நடந்தது என்னவென்றால், வேர்ட்பிரஸ் வெளியே ஒரு கோரிக்கை அனுப்பினால் இயல்பாக 5 நொடிதான் காத்திருக்கும். அந்தத் தளமோ பதிவை ஏற்றிவிட்டு, சந்தாதாரர் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பி முடித்த பிறகுதான் பதில் சொல்லும். அதற்குள் இங்கே நேரம் முடிந்துவிட்டது. வேலை நடந்துவிட்டது, பதில்தான் வரவில்லை. அதற்குப் பிழை என்று நான் பெயர் வைத்துவிட்டேன்.

> எரர், ஃபால்ட், டைம்அவுட் எல்லாமே பயனருக்குப் பிழைதானே, எதற்கு மூன்று சொல்?

பயனர் அடுத்து செய்ய வேண்டியது மூன்றிலும் வேறு, அதற்காகத்தான். கோரிக்கை போய்ச் சேரவே இல்லை என்றால் வழிப்பிழை. பயப்படாமல் மறுபடி அனுப்பலாம். போய்ச் சேர்ந்து, அங்கிருந்து "கடவுச்சொல் தவறு", "அப்படி ஒரு செயல்முறை இங்கே இல்லை" என்று பதில் வந்தால் எதிர்முனைப் பிழை. நூறு தடவை அனுப்பினாலும் அதே பதில்தான் வரும், எதையாவது திருத்தியாக வேண்டும். எதிர்முனை என்பது போன் பேசுகிறவர்கள் ஏற்கெனவே புழங்குகிற சொல், புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மூன்றாவதுதான் என் கவிதை: கெடு கடந்தது. இதன் பெயரில் பிழை என்ற சொல்லே வரக் கூடாது, பிழையா இல்லையா என்று நமக்கே தெரியாதே. (காலாவதி வேண்டாம். அது பால் பாக்கெட்டுக்கும் உள்நுழைவு அமர்வுக்கும் போய்விட்டது.)

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்றையும் பிரித்துப் பார்ப்பது வேர்ட்பிரஸில் அவ்வளவு சுலபம் இல்லை. எக்ஸ்எம்எல்-ஆர்பிசியின் விதிப்படி எதிர்முனைப் பிழையும் 200 என்ற வெற்றி எண்ணோடுதான் வரும், உள்ளே ஃபால்ட்கோட் (பிழை எண்), ஃபால்ட்ஸ்ட்ரிங் (பிழை விளக்கம்) இருக்கிறதா என்று உறையைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். 403 (அனுமதி இல்லை), 500 (எதிர்முனையில் கோளாறு) வந்தாலும் வேர்ட்பிரஸ் அதைத் தன் கணக்கில் பிழை என்று சொல்லாது, எண்ணை நாமே சோதிக்க வேண்டும். பல வழங்கிகளில் (சர்வர்களில்) எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பையே பாதுகாப்புக்காக வாசலில் மறித்துவிடுகிறார்கள், அப்போது வருவது இந்த 403தான். அதைவிட மோசம், முகவரி கிடைக்காததும் கெடு கடந்ததும் ஒரே பெயரில் வரும், செய்தி வரிக்குள் இருக்கும் கர்ல் (கோரிக்கையை அனுப்பும் உள்மென்பொருள்) எண்ணை வைத்துத்தான் பிரிக்கலாம்: 6 என்றால் முகவரி கிடைக்கவில்லை, 7 என்றால் இணைய முடியவில்லை, 28 என்றால் கெடு. 28 இணைக்கும் கட்டத்திலேயேகூட வரும், அதனால் அப்போதும் சந்தேகத்தோடுதான் பேச வேண்டும்.

ஆகவே புதிய செய்தி இப்படி: "எதிர்முனையிலிருந்து 5 நொடிக்குள் பதில் வரவில்லை. பதிவு அங்கே ஏறியிருக்கலாம். பார்த்துவிட்டு, இல்லை என்றால் மட்டும் மீண்டும் அனுப்பவும்." நீளம்தான், பொத்தானுக்குள் அடங்காது, ஆனால் இதைக் குறுக்க எனக்கு மனம் இல்லை. கூடவே பதிவின் எண்ணையும் அனுப்பி, ஏற்கெனவே வந்த எண் என்றால் எதிர்முனை புதிதாக ஏற்றாதபடி மாற்றிவிட்டேன். இப்படி எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும் தன்மைக்கும் ஒரு சொல் வேண்டும், அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

> எக்செப்ஷன் = விதிவிலக்கு?

அது "உனக்கு மட்டும் சலுகை" என்ற தொனியில் இருக்கிறது. இலக்கணத்தில் வழுவமைதி என்று ஒன்று உண்டு, வழுதான், ஆனால் காரணத்தோடு ஏற்றுக்கொள்வது. பிழை வந்தும் பக்கம் விழாமல் பார்த்துக்கொள்கிற எக்செப்ஷன் ஹேண்ட்லிங்குக்கு இது பொருந்தும் என்று படுகிறது. வழு என்பதை நாம் ஏற்கெனவே பக் (நிரலில் உள்ள குறை) என்பதற்குக் கொடுத்துவிட்டோம், அதுதான் இடிக்கிறது.

கடைசியாக ஒற்று. தொலைபேசியில் இல்லை, தொலைக்காட்சியில் இருக்கிறது. தொலைச்செய்விப்பில் நான் 'ச்' போட்டிருக்கிறேன். இலக்கணம் தெரிந்த பெரியவர்கள் பார்த்துச் சொன்னால் வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுவேன்.