அமெரிக்கக் கால்பந்து: கிக்ஆஃப் (தொடக்க உதை) வெளியே போனால் மறுபடி உதைக்க வேண்டுமா? அவசரம்

வெள்ளி_அப்பா:
நேற்றைய ஆட்டத்தில் என் மகன் உதைத்த கிக்ஆஃப் பக்கக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. எதிரணிக்கு அவர்களின் 40ஆவது யார்டில் (அவர்களின் கோல்கோட்டிலிருந்து 40 யார்டு) பந்தைக் கொடுத்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். நடுவர்களோ 5 யார்டு பின்னால் தள்ளி மறுபடி உதைக்கச் சொன்னார்கள். அந்த உதையைப் பிடித்தவன் நேரே ஓடி எங்கள் கோல்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டுவிட்டான். பையன் இரவு சாப்பிடவே இல்லை. இப்படி ஒரு விதி உண்டா? திங்கட்கிழமை பயிற்சியாளரிடம் பேச வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

ஞாயிறு_ரசிகன்:
பள்ளி ஆட்டமா, கல்லூரி ஆட்டமா? வெளியே போகும் முன் எதிரணியினர் யாராவது பந்தைத் தொட்டார்களா? தொட்டிருந்தால் அபராதமே கிடையாது; வெளியே போன இடத்தில் பந்து அவர்களுக்கு.

கோட்டுக்காவலன்:
இது ஆஃப்சைடுதான். உதைக்கும் முன்பே உங்கள் அணியில் ஒருவன் கோட்டைத் தாண்டியிருப்பான். அதற்கும் 5 யார்டு, மறு உதை. பசங்க ஆட்டத்தில் எப்போதும் நடப்பதுதான்.

விதிநூல்:
எந்த விதிநூல் என்று சொல்லிவிட்டுக் கேட்கும் வழக்கம் இங்கே யாருக்கும் வருவதில்லை. 40ஆவது யார்டு என்பது என்எஃப்எல் (தொழில்முறை லீக்) விதி. தொலைக்காட்சியில் பார்த்ததை வைத்துப் பள்ளி மைதானத்தில் நியாயம் கேட்க முடியாது. பள்ளியிலும் கல்லூரியிலும் முடிவு எதிரணியின் கையில். பந்தை வாங்கிக்கொள்ளலாம், கல்லூரி என்றால் 35ஆவது யார்டில். வேண்டாமென்றால் உங்களை 5 யார்டு பின்தள்ளி மறுபடி உதைக்க வைக்கலாம். கோட்டுக்காவலன் அவர்களே, தீர்ப்பு எழுதும் முன் நடுவர் வீசிய அபராதக் கொடி எங்கே விழுந்தது என்று கேட்டீர்களா?

கோட்டுக்காவலன்:
அவர் எந்த மாநிலம் என்றே சொல்லவில்லையே. டெக்சஸ் என்றால் பள்ளிகளும் கல்லூரி விதிநூலைத்தான், சில மாறுதல்களோடு, பின்பற்றுகின்றன.

பழைய_ரசிகர்:
2024இல் என்எஃப்எல் கிக்ஆஃபைக் கெடுத்தது. உதைப்பவர் தன் அணியின் 35ஆவது யார்டில் தனியாக நிற்கிறார், மற்ற பத்துப் பேரும் எதிரணியின் 40ஆவது யார்டில். பந்து தரையிலோ ஆள்மீதோ படும்வரை அசையக் கூடாதாம். இது விளையாட்டா?

ஞாயிறு_ரசிகன்:
முழு வேகத்தில் ஓடிவந்து தலையோடு தலை மோதி எத்தனை பேர் விழுந்தார்கள் ஐயா! அதைக் குறைக்கத்தானே செய்தார்கள். எண்ட்சோனில் (கோல்கோட்டுக்குப் பின்னுள்ள பகுதி) விழுந்த பந்தை ஓடாமல் வைத்துக்கொண்டால் 2024இல் 30ஆவது யார்டிலிருந்து ஆட்டம். 2025இல் அதை 35 ஆக்கினார்கள். அதனால் இப்போது பெரும்பாலும் யாரும் சும்மா எண்ட்சோனுக்கு உதைப்பதில்லை. பந்தை எடுத்து ஓடும் ஆட்டம் திரும்பி வந்திருக்கிறது.

வெள்ளி_அப்பா:
டெக்சஸ்தான், பள்ளி ஆட்டம். பந்தை யாரும் தொடவில்லை, கொடி பக்கக்கோட்டருகே விழுந்தது. எதிரணிதான் மறு உதை கேட்டது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். நன்றி.

பழைய_ரசிகர்:
ஓட்டம் வந்தது சரி, திடீர் ஆன்சைடு உதை (குறைந்த தூரம் உதைத்து உதைத்த அணியே பந்தைக் கைப்பற்றப் பார்ப்பது) போய்விட்டதே! 2010 சூப்பர் பவுலில் (என்எஃப்எல் இறுதி ஆட்டம்) கோல்ட்ஸ் அணியிடம் செயின்ட்ஸ் அணி 10–6 என்று பின்தங்கியிருந்தார்கள். இரண்டாம் பாதியின் முதல் உதையே ஆன்சைடு. கோல்ட்ஸ் எதிர்பார்க்கவே இல்லை. 31–17 என்று கோப்பையை எடுத்தார்கள்.

விதிநூல்:
பின்தங்கிய அணி இன்றும் ஆன்சைடு உதைக்கலாம். முன்கூட்டியே நடுவரிடம் அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய_ரசிகர்:
அறிவித்துவிட்டு உதைத்தால் கோல்ட்ஸ் அந்தப் பந்தை விட்டிருப்பார்களா?